‘எத்திக்கல் கோல்டு’ என்று டேக் அடிக்கும் முன்: உரிமம், முத்திரை, லேபிள் பற்றி முழு வழிகாட்டி

பெங்களூரு நகரத்பேட்டையில் என் பட்டறைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. நான் தனியாகத் தொழில் தொடங்கிய வருடம் அங்கே ஐந்நூறு டேக் அடித்தேன். மேலே ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே ‘எத்திக்கல் கோல்டு’, அதற்கும் கீழே ‘மண்ணுக்கும் மனிதருக்கும் கேடில்லாத தங்கம்’. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் பெரிய ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் அந்த டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தச் சுரங்கம், எந்த லாட் (ஒரே தடவையாக வந்த தொகுதி), யார் கொடுத்த உரிமம் என்று மூன்றே கேள்வி கேட்டார். என் கையில் இருந்ததோ தங்கம் விற்றவர் கொடுத்த ஒரு சான்றிதழ் நகல். அது சுத்திகரிப்பு ஆலைக்குப் பொதுவாகக் கொடுத்தது, நான் வாங்கிய கட்டியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆர்டர் போயிற்று. டேக்கின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் இன்றைக்கும் பட்டறை டீக்கணக்கை அதில்தான் எழுதுகிறோம்.

அந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ள என்னென்ன செய்ய வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். சின்னப் பட்டறை, இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள், சொந்தமாக டிசைன் செய்து பத்தரிடம் கொடுத்துச் செய்விப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பெரிய கடைக்காரர்களுக்கு இதற்கென்று தனி ஆள் இருப்பார்.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தை எடுத்துவிட்டு மிச்சம் கொட்டிய சயனைடு மேடு மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது, காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படியும். மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற ஆயிரக்கணக்கான தமிழர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், தங்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை டேக் இல்லாமலே சொல்வார்கள்.

முதல் படி: எந்த வார்த்தையைச் சொல்லப் போகிறீர்கள்?

‘எத்திக்கல் கோல்டு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரே அர்த்தம் என்று எதுவும் இல்லை. ஸ்விஸ் நகை நிறுவனமான ஷோபார்ட் 2018 ஜூலையிலிருந்து நூறு சதவீதம் எத்திக்கல் தங்கம் என்று அறிவித்தபோது, சிறு சுரங்கத் தொழிலாளர்களின் தங்கத்தையும், ஆர்.ஜே.சி. என்ற நகைத்தொழில் கவுன்சிலின் சங்கிலிச் சான்று (தங்கம் கை மாறும் ஒவ்வொரு படியையும் காகிதத்தில் காட்டும் சான்று) பெற்ற ஆலைகளின் தங்கத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரில் சொன்னது. இன்னொரு கடைக்காரர் பாட்டி வளையலை உருக்கிச் செய்ததையும் அதே பெயரில் விற்பார். ஆகவே பெயரை விட்டுவிட்டு அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் கைக்கு எட்டுவது மூன்று வகை.

முதல் வகை, சிறு சுரங்கங்களுக்கான சான்று. ஃபேர்மைண்டு, ஃபேர்டிரேடு என்று இரண்டு பெயர். 2011-இல் இரண்டும் கூட்டாக ஒரு முத்திரை கொண்டுவந்து, 2013-இல் பிரிந்துவிட்டன. ஃபேர்மைண்டை நடத்துவது கொலம்பியாவைச் சேர்ந்த பொறுப்பான சுரங்கத்துக்கான கூட்டணி, 2004-இல் தொடங்கியது. 2015-இல் நோபல் சமாதானப் பரிசுப் பதக்கம் செய்த தங்கம், கொலம்பியாவின் இக்கிரா என்ற ஊரிலிருந்து இந்தச் சான்றோடு வந்ததுதான். இந்த இரண்டு சான்றும் சிறு அளவில், கைவேலையாகத் தோண்டுகிற சங்கங்களுக்கு மட்டுமே. ஆகவே நம் ராய்ச்சூர் ஹட்டியில் எடுக்கிற தங்கம் எவ்வளவு ஒழுங்காக எடுக்கப்பட்டாலும் இந்த முத்திரைக்குள் வராது. அது பெரிய அரசு நிறுவனச் சுரங்கம்.

இரண்டாவது வகை ஆர்.ஜே.சி. என்கிற பொறுப்பான நகைத்தொழில் கவுன்சில், 2005-இல் தொடங்கியது. இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இதில் இரண்டு சான்று உண்டு. நடத்தை விதிச் சான்று உங்கள் நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதற்கு: கூலி, பாதுகாப்பு, குழந்தைத் தொழிலாளர் இல்லாமை, கணக்கு. அது கடைக்குக் கிடைத்த சான்று, கடையில் இருக்கிற மோதிரத்துக்குக் கிடைத்தது ஆகாது. உலோகத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் சங்கிலிச் சான்று என்ற இரண்டாவது சான்று தனியாக வேண்டும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தங்கம் கை மாறும்போதெல்லாம் அதைக் காட்டும் ஆவணமும் கூடவே போக வேண்டும்.

மூன்றாவது, மறுசுழற்சித் தங்கம். நம் ஊரில் பழைய நகை போட்டுப் புதுசு எடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம், அதைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி டேக் அடிப்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் உண்மையாக இருந்தால் சொல்லலாம். ‘பழைய நகையை உருக்கிச் செய்தது’ என்று அப்படியே எழுதுங்கள். அதனால் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு நன்மை நடந்த மாதிரி எழுதாதீர்கள், ஏனென்றால் அவருக்கு அதில் ஒரு பைசாவும் போகவில்லை.

எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், மூன்றையும் ஒரே டேக்கில் கலக்க வேண்டாம்.

காசுக்கணக்கு

ஃபேர்டிரேடு முத்திரைத் தங்கத்துக்குச் சுரங்கச் சங்கத்துக்குக் குறைந்தபட்சம் லண்டன் சந்தை விலையில் 95 சதவீதம் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கிலோவுக்கு 2,000 டாலர் சங்கத்தின் பொது நிதிக்கு. ஃபேர்மைண்டில் அந்த மேல்தொகை கிலோவுக்கு 4,000 டாலர். பாதரசமோ சயனைடோ தொடாமல் எடுத்த ‘எக்கலாஜிக்கல்’ தங்கமானால் 6,000.

இதை நம் கணக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு சவரன் ஜிமிக்கி, 22 காரட். எட்டு கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். கிராமுக்கு 4 டாலர் என்றால் ஜிமிக்கிக்கு 29 டாலர் சொச்சம். எக்கலாஜிக்கல் என்றால் 44, ஃபேர்டிரேடு என்றால் 15-க்குக் கொஞ்சம் குறைவு. இது சுரங்கத்துக்குப் போகிற பங்கு மட்டும். நடுவில் இருக்கிற சுத்திகரிப்பு, சப்ளையர் லாபம், சின்ன லாட்டுக்கான கூடுதல் செலவு, உரிமக் கட்டணம் எல்லாம் தனி. இதைச் செய்கூலிக்குள் ஒளித்துவைக்காமல் பில்லில் தனி வரியாகக் காட்டினால் வாடிக்கையாளர் கேட்கிற கேள்வி பாதியாகக் குறையும், என் அனுபவம் இது.

இரண்டாம் படி: முதலில் பி.ஐ.எஸ்., அப்புறம்தான் மற்றதெல்லாம்

பி.ஐ.எஸ். என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு, ஹால்மார்க் முத்திரை அதனுடையது. வெளிநாட்டு முத்திரை இருந்தால் ஹால்மார்க் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். ஹால்மார்க் மாற்றை, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்பதைச் சொல்கிறது, ஃபேர்மைண்டு முத்திரை பிறப்பிடத்தைச் சொல்கிறது. ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

2021 ஜூன் 16 முதல் கட்டாய ஹால்மார்க் 256 மாவட்டங்களில் தொடங்கியது, பெங்களூரும் அதில் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாளக் குறி) இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்க முடியாது. நகையில் இப்போது மூன்றே குறிகள்: பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம், 22 கே 916 (ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம்) மாதிரி மாற்றுக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யூ.ஐ.டி. இரண்டு கிராமுக்குக் கீழான பொருள், குந்தன், போல்கி, ஜடாவ் என்கிற கல் பதிக்கும் மரபு வேலைகள், ஏற்றுமதிக்கென்றே செய்தவை, வருடத்துக்கு 40 லட்சத்துக்குக் குறைவாக வியாபாரம் செய்கிறவர்கள், இவர்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று நானும் ஒரு வருடம் பதிவு செய்யாமல் இருந்தேன். அது வீண் பிடிவாதம். பிறப்பிடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற ஆள் மாற்றைப் பற்றி எதுவும் காட்டாமல் இருந்தால் யார் நம்புவார்கள்?

பதிவு இணையத்திலேயே முடிந்துவிடுகிறது, பீன்யாவில் இருக்கிற அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. நகைக்கடைப் பதிவுக்குக் கட்டணம் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நகையை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மையத்துக்கு அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம். சோதனைக்காக நகையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுப்பார்கள். மிச்சம் திரும்பி வரும்போது அதை வழக்கமான பட்டறைத் தூளோடு கொட்டிவிடாதீர்கள். சான்றுத் தங்கத்தின் கணக்கில் அதுவும் கிராமாக நிற்கிறது. இன்னொன்று, ஃபேர்மைண்டு முத்திரையைக் குத்துவதானால் நான் ஹால்மார்க்குக்கு அனுப்பும் முன்பே குத்திவிடுகிறேன். ஹால்மார்க் ஆன நகையை மறுபடி சுத்தியல் பக்கம் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்சம் வழிவிலகல்: ‘916 கேடிஎம்’ என்று இன்னும் போர்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் கேடிஎம் என்பது காட்மியம். நகையைப் பற்றவைக்கும் பொடியில் கலந்த உலோகம். அதன் புகை பற்றவைக்கிற ஆளின் நுரையீரலைக் கெடுக்கும், பி.ஐ.எஸ். அதை ஏற்பதில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் அதை ஏதோ உயர்ந்த மாற்று என்று நினைத்து முப்பது வருடமாகக் கேட்டு வாங்கினார்கள். பத்தரின் மூச்சைக் கெடுத்த ஒரு பொருளின் பெயர் தரத்தின் பெயராக மாறிவிட்டது. லேபிள் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எத்திக்கல் என்று சொல்லிக்கொண்டு பட்டறையில் காட்மியம் பொடி வைத்திருக்காதீர்கள்.

மூன்றாம் படி: தங்கம் எப்படி வரும்?

பலருடைய திட்டம் இங்கேதான் நிற்கிறது. வெளிநாட்டு இணையதளத்தில் ஃபேர்மைண்டு தங்கக் குருணை (சின்னச் சின்ன மணி) விற்கிறார்கள், கார்டில் பணம் கட்டி வரவழைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. இந்தியாவுக்குள் தங்கக்கட்டி, குருணை இறக்குமதி செய்வது கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கிகள், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அறிவித்த முகமைகள், குஜராத் கிஃப்ட் சிட்டியில் 2022 ஜூலையில் தொடங்கிய சர்வதேச புல்லியன் சந்தை வழியாகத் தகுதி பெற்ற நகை நிறுவனங்கள், இவர்கள்தான் கொண்டுவரலாம். பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்கு இந்தக் கதவு நேராகத் திறக்காது.

அப்படியானால் வழி? ஏற்றுமதி ஆர்டராக இருந்தால், வாங்குகிற வெளிநாட்டு நிறுவனமே உரிமம் பெற்றதாக இருந்து, தங்கத்தை இலவசமாக முன்கூட்டி அனுப்பி, நகையாகத் திரும்பப் பெறுவதற்கு வர்த்தகக் கொள்கையில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கும் சில வருட ஏற்றுமதி அனுபவம், குறிப்பிட்ட அளவு விற்றுமுதல் கேட்கிறார்கள். ஆகவே அந்தத் தகுதி உள்ள ஒரு ஏற்றுமதியாளரின் கீழ் ஜாப் வொர்க் எடுப்பதுதான் சின்னவர்களுக்கு நடைமுறை. அப்போது உரிமம் வெளிநாட்டு பிராண்டின் பெயரில் இருக்கும், நீங்கள் அதன் தயாரிப்பாளராகப் பதிவாக வேண்டும். உள்ளூரில் விற்பதற்கு என்றால் வங்கி வழியாகவோ முகமை வழியாகவோ அந்தக் குறிப்பிட்ட லாட்டைக் கொண்டுவரத் தயாராக இருக்கிற சப்ளையர் கிடைக்கிற வரை காத்திருங்கள். கிடைக்கும் முன் டேக் அடிக்க வேண்டாம், நான் அடித்த கதையைத்தான் மேலே சொன்னேனே.

இந்தியாவில் லண்டன் புல்லியன் சந்தையின் ‘குட் டெலிவரி’ என்கிற அங்கீகரிக்கப்பட்ட ஆலைகளின் பட்டியலில் தங்கத்துக்கு இடம் பெற்ற ஒரே ஆலை ஹரியானாவில் இருக்கிற எம்.எம்.டி.சி.-பாம்ப். அந்தப் பட்டியலில் இருக்கிற ஆலைகள் பொறுப்பான கொள்முதல் விதிகளின்படி தணிக்கைக்கு உட்பட்டவை. அங்கிருந்து வாங்கிய தங்கம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்: ‘லண்டன் பட்டியலில் உள்ள ஆலையின் தங்கம்’. அதுவே நல்ல தகவல். அதை ஃபேர்டிரேடு அளவுக்கு ஊதிப் பெருக்கினால்தான் தப்பு.

நான்காம் படி: உரிமம்

சான்றும் உரிமமும் ஒன்றல்ல. சான்று சுரங்கத்துக்கு. உரிமம் உங்களுக்கு: அந்தப் பெயரையும் முத்திரையையும் இன்ன பொருளில், இன்ன அளவில், இன்ன காலம் வரை பயன்படுத்தலாம் என்கிற ஒப்பந்தம். சான்றுத் தங்கத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டாலே முத்திரை போடும் உரிமை வந்துவிடாது. இதைத்தான் நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

விண்ணப்பத்தில் நிறுவனப் பதிவு, வருடத்துக்கு உத்தேசமாக எத்தனை கிராம், யாரிடமிருந்து வாங்குவீர்கள், வேலையை எங்கே யாரிடம் கொடுத்துச் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். நம் தொழிலில் ஒரு ஆரம் ஐந்து வீட்டுக்குப் போய் வருகிறது: கம்பி இழுப்பவர் ஒருவர், வார்ப்பு ஒருவர், கல் பதிப்பவர் ஒருவர், பாலிஷ் இன்னொருவர். நகரத்பேட்டை சந்துகளில் அந்த வங்காளிப் பையன்கள் மாடியில் உட்கார்ந்து செய்கிற வேலையும் இதில் சேர்த்திதான். எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பெயரும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பற்றவைக்கும் பொடி, குட்டிக் கொக்கி, ஸ்பிரிங், திருகு மாதிரி சின்ன உதிரிகள் சாதாரணத் தங்கமாக இருந்தால் ஏற்பார்களா, எவ்வளவு வரை? முழுக்கச் சான்றுத் தங்கத்தில் செய்தது என்று முத்திரை போடும் வகைக்கும், தொழிற்சாலையில் மற்ற தங்கத்தோடு கலந்து கணக்கில் மட்டும் காட்டும் வகைக்கும் ஃபேர்மைண்டில் வேறு வேறு விதி இருக்கிறது. இரண்டாவது வகையில் நகை மேல் முதல் வகை முத்திரை வராது. எதில் சேர்கிறீர்கள் என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

ஐந்தாம் படி: பட்டறை. இங்கேதான் எல்லாம் கெடும்

எங்கள் பத்தருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சான்றுத் தங்கத்துக்குத் தனி மூசை (உருக்கும் குவளை) வேண்டும், தனி டப்பா வேண்டும் என்று நான் சொன்ன அன்றைக்கு ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, தங்கத்துக்கு ஏது ஜாதி? உருக்கிட்டா எல்லாம் ஒண்ணுதானே” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, பிரச்சினையே அதுதான். உருக்கிய பிறகு எந்தச் சோதனைச் சாலையும் இது எந்தச் சங்கம் தோண்டியது என்று சொல்லாது. உரைகல்லும் சொல்லாது, எக்ஸ்ரே மெஷினும் சொல்லாது. காகிதமும் டப்பாவும்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சான்றுத் தங்கத்துக்குப் பச்சை மூடி போட்ட டப்பாக்கள், தனி மூசை இரண்டு, தனி அரம், ராவுத்தூள் (அரத்தால் ராவும்போது உதிரும் தங்கத்தூள்) விழ மேசைக்கு அடியில் தனித் தோல். கம்பிச்சில்லும் தகடு உருளையும் இரண்டுக்கும் பொதுதான், அதற்குத் தனி மெஷின் வாங்க வசதியில்லை. அதனால் அதில் சான்றுத் தங்கத்தை ஏற்றும் முன் துடைத்துச் சுத்தம் செய்து, நேரத்தை நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஏற்றுவோம். வாரத்தில் இரண்டு நாள் சான்று வேலை மட்டும் என்று ஒதுக்கியதும் கலப்புப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. பற்றுப்பொடியையும் அதே தங்கத்தில் பத்தரே அரைத்துக்கொள்கிறார், கடையில் வாங்குவதில்லை.

கணக்கு எப்படி என்று ஒரு லாட்டை எடுத்துக் காட்டுகிறேன். வந்தது 100 கிராம் சுத்தத் தங்கம். 916-க்கு இறக்கினால் 109.17 கிராம் வர வேண்டும். (916-க்கு ஒரு துளி குறைந்தாலும் ஹால்மார்க்கில் விழும், அதனால் பலர் கொஞ்சம் மேலேயே வைப்பார்கள். கணக்கு புரிய இப்போதைக்கு 916 என்றே வைத்துக்கொள்வோம்.) முடிந்த நகை 96 கிராம், திரும்பி வந்த துண்டும் தூளும் 8.50, வேலையில் சேர்க்காமல் மிச்சம் இருக்கிற கம்பி 3. கூட்டினால் 107.50. காணாமல் போனது 1.67 கிராம், ஒன்றரை சதவீதம். இந்த எண் லாட்டுக்கு லாட்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் தணிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஒரு மாதம் ஒன்றரை, அடுத்த மாதம் பூஜ்யம் என்று இருந்தால்தான் சந்தேகம் வரும். சேதாரமே இல்லாமல் நகை செய்தேன் என்றால் எங்கிருந்தோ வேறு தங்கம் உள்ளே வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வாடிக்கையாளரிடம் எட்டு சதவீதம் சேதாரம் என்று பில் போட்டுவிட்டு உரிமம் கொடுத்தவருக்கு ஒன்றரை என்று கணக்கு அனுப்புவது நம் தொழிலின் பழைய வியாதி. இரண்டு காகிதமும் ஒரே மேசையில் வந்து சேரும் நாள் வரும். நான் சேதாரம் என்ற வரியையே பில்லிலிருந்து எடுத்துவிட்டு, செய்கூலியை உள்ளபடி போட ஆரம்பித்தேன்.

ஆறாம் படி: டேக்கில் என்ன எழுதலாம்

முத்திரைப் படம் வடிவமைப்பாளர் கைக்குப் போகும் முன் உரிமத்தில் இருக்கிற அளவு, நிறம், இடைவெளி விதிகளைக் கொடுத்துவிடுங்கள். அச்சுக்கு முன் மாதிரியை அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். டேக், பெட்டி, இணையப்பக்கம், கண்காட்சிப் பேனர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது சொற்கள். ‘பாதரசம் இல்லாத தங்கம்’ என்று எழுத ஆசையாக இருக்கும். வேண்டாம். சாதாரண ஃபேர்மைண்டு, ஃபேர்டிரேடு இரண்டிலும் பாதரசத்தையும் சயனைடையும் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த அனுமதி உண்டு. அறவே கூடாது என்பது எக்கலாஜிக்கல் வகைக்கு மட்டும். உலகத்தில் மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது, 2017-இல் அமலுக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் அதைக் குறைக்கத்தான் பாடுபடுகிறது. அப்படியிருக்க, கட்டுப்பாட்டோடு பாதரசம் பயன்படுத்துகிற ஒரு சங்கத்தின் தங்கத்தை முழுக்கச் சுத்தம் என்று எழுதுவது பொய்.

‘கிரீன்’, ‘எக்கோ ஃப்ரெண்ட்லி’, ‘சஸ்டெயினபிள்’ மாதிரி பொத்தாம் பொதுச் சொற்களுக்கும் இப்போது இந்தியாவில் விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சு (ஆதாரமில்லாமல் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று காட்டும்) விளம்பரத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இப்படிச் சொன்னால் அதற்கு ஆதாரமும் விளக்கமும் வாங்குகிறவர் எளிதாகப் பார்க்கும் விதத்தில் இருக்க வேண்டும். க்யூஆர் கோடு வழியாகக் கொடுக்கலாம். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டத்தின்படி முதல் தடவை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம். காசு வாங்கிக்கொண்டு ரீல் போடுகிறவர்களையும் இது தொடும், அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். உரிமம் இல்லாமல் அடுத்தவர் முத்திரையைப் போட்டால் அது வேறு கதை: 1999 வணிகச்சின்னச் சட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது.

என் இப்போதைய டேக்கில் இலை படம் இல்லை. ஜிமிக்கி டேக் ஒன்று இப்படி இருக்கும்: ‘22 காரட், 916. எடை 8.02 கிராம். இதில் உள்ள தங்கம் சான்று பெற்ற சிறு சுரங்கச் சங்கத்திலிருந்து. லாட் எண் இன்னது.’ பக்கத்தில் உரிம எண்ணோடு முத்திரை, கீழே க்யூஆர். அந்த க்யூஆரைத் தட்டினால் சுரங்கச் சங்கத்தின் பெயர், நாடு, எந்த மாதம் வந்தது, கொக்கியின் ஸ்பிரிங் மட்டும் சாதாரணத் தங்கம் என்கிற குறிப்பு. கல் வைத்த நகையானால் ஒரு வரி கூடுதல்: சான்று தங்கத்துக்கு மட்டும், கல்லுக்கு இல்லை. இந்த வரியைப் போட எனக்கும் முதலில் மனசு வரவில்லை, விற்பனை குறையுமோ என்று. குறையவில்லை. கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்கள்தான் கூடியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஏழாம் படி: பில்லும் கவுன்டரும்

ஹால்மார்க் நகைக்குப் பில்லில் பொருளின் விவரம், நிகர எடை, காரட்டும் மாற்றும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கடையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வைத்திருக்க வேண்டும், அதைக் கேட்டால் எடுத்துக் கொடுங்கள். எச்.யூ.ஐ.டி.யை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அவர்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். மாற்று குறைந்திருந்தால் குறைந்த மாற்றுக்கான விலை வித்தியாசத்தில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்பது 2018 பி.ஐ.எஸ். விதி. சான்றுத் தங்கத்தின் லாட் எண்ணையும் பில்லிலேயே எழுதிவிடுங்கள். டேக் தொலைந்துபோகும், பில்லைப் பீரோவில் வைப்பார்கள்.

புதுப்பித்தல்

உரிமத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, வாங்கிய விற்ற கிராம் கணக்கை அந்தந்தக் காலத்துக்கு அனுப்ப வேண்டும். காலெண்டரில் இரண்டு மாதம் முன்னாலேயே குறித்துவையுங்கள். உரிமம் முடிந்துவிட்டால் பழைய ஸ்டாக்கை அந்த முத்திரையோடு எத்தனை நாள் விற்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் மறப்பது இதைத்தான். ஆர்.ஜே.சி. பக்கம் போனால், உறுப்பினரான இரண்டு வருடத்துக்குள் தணிக்கை முடித்துச் சான்று வாங்கியாக வேண்டும்.

தணிக்கைக்கு ஆள் வருகிற அன்று எங்கள் பத்தர் பச்சை மூடி டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, சாதாரணத் தங்கத்தைப் பீரோவுக்குள் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிடுகிறார். போன தடவை வந்தவர் ராவுத்தூள் தோலை உதறச் சொல்லி எடை போட்டார். நோட்டில் 0.84 என்று எழுதியிருந்தோம், தராசு 0.83 காட்டியது. பத்தர் தன் விரல் நகத்தைப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து நகத்தைத் தோல் மேல் துடைத்தார்.